ரயிலோடு போகிற கேட் கீப்பர்

கேட் கீப்பர் வேலை என்றால் ஒரு சின்ன அறை, ஒரு ஸ்டூல், பச்சைக் கொடி, சிவப்புக் கொடி என்றுதான் நினைப்பீர்கள். நானும் அப்படி நினைத்துத்தான் சேர்ந்தேன்.

எங்கள் பக்கம் பழைய தண்டவாளத்தைப் பிடுங்கிவிட்டு, வருஷக்கணக்கில் ரயிலே இல்லாமல் காக்கவைத்து அகலப் பாதை போட்டார்கள். பாதை வந்தது, ஸ்டேஷனுக்கு வெள்ளை அடித்தாயிற்று, கேட்டுகளுக்குத்தான் ஆள் போடவில்லை. அதனால் நாங்கள் இரண்டு பேர் ரயிலிலேயே போகிறோம். கேட்டுக்கு முன்னால் ரயில் நிற்கும். முன் பெட்டியிலிருக்கும் மாரிமுத்து அண்ணன் இறங்கிப் போய் கேட்டை மூடிப் பூட்டுவார். ரயில் கேட்டைத் தாண்டி மறுபடி நிற்கும். கடைசிப் பெட்டியிலிருக்கும் நான் இறங்கி, கேட்டைத் திறந்துவிட்டு, ஓடி வந்து ஏறுவேன். பட்டுக்கோட்டையைச் சுற்றி எத்தனை ரோடு உண்டோ அத்தனை கேட். லேட் ரயிலில் உட்கார்ந்து நொந்துபோனவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். யாரைத் திட்டுவது என்று தெரியாமல் இருந்தால் என்னைத் திட்டிக்கொள்ளலாம்.

மீன் கூடை

கடலோர ஸ்டேஷனில் ராணி அக்கா மீன் கூடையோடு என் பெட்டியில்தான் ஏறுவார். பஸ்ஸில் கூடையை ஏற்ற கண்டக்டர் விடமாட்டார். வீட்டுக்காரர் கடலுக்குப் போவதை நிறுத்தியபின் குடும்பம் நடப்பது அந்தக் கூடையால்தான். டவுனில் அடுப்பு பற்ற வைக்கும் முன்னால் போய்ச் சேர்ந்தால் வியாபாரம். தாண்டிவிட்டால் மீனை ஏறெடுத்துப் பார்க்க ஆளிருக்காது. ஒவ்வொரு கேட்டிலும் நான் இறங்கும்போது ஐஸ் தண்ணி என் காலடியில் ஓடும். அக்கா சொல்வார்: "விழுந்துடாம ஓடுங்க தம்பி. மெதுவாவே ஓடுங்க. ஆனா கொஞ்சம் வேகமா மெதுவா ஓடுங்க."

எக்ஸ்பிரஸ் கட்டணம்

ரயிலைக் கொண்டுவந்தது நாங்கள்தான் என்று இரண்டு கட்சிக்காரர்களும் ஸ்டேஷன் சுவரில் போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். டிக்கெட் விலையை ஏற்றியது யார் என்று ஒட்ட ஆளில்லை. வண்டி பழைய பாசஞ்சரை விட மெதுவாகப் போகிறது, கட்டணம் மட்டும் எக்ஸ்பிரஸ். ரிட்டயரான ஒரு வாத்தியார் டிக்கெட்டை என் முகத்துக்கு நேரே நீட்டினார். டிக்கெட் கொடுப்பது என் வேலை இல்லை சார் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் விடவில்லை. "எக்ஸ்பிரஸ் காசு வாங்கிட்டீங்க, பரவால்ல. பாக்கி வேகத்த எப்ப குடுப்பீங்க?"

பால்காரர்

ஒரு கேட்டில் நிற்கிற பால்காரர், நான் திறந்துவிட்டதும் தன் மொபெட்டில் கிளம்புவார். அடுத்த கேட்டில் பார்த்தால் எங்களுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டிருப்பார். அதற்கடுத்த கேட்டிலும் அதே ஆள், அதே சிரிப்பு. கேன்களுக்கு நடுவிலிருந்து ஒருநாள் சொன்னார்: "சொல்லுங்க சார், முன்னாடி போயி நானே கேட்ட மூடி வைக்கிறேன்."

அறுப்பு மெஷின்

அன்றைக்கு மழை மேகம் கட்டியிருந்தது. கேட்டில் ஒரு அறுப்பு மெஷின், பக்கத்தில் அதை வாடகைக்குப் பிடித்த விவசாயி. சம்பா சாய்ந்து கிடக்கிறது என்று கத்திக்கொண்டிருந்தார். கேட்டைத் திறந்தேன். "ரோட்டுக்குன்னு என் வயல்ல ஒரு துண்டு எடுத்தீங்க, கேசு இன்னும் நடக்குது. இப்ப மிச்ச வயலுக்கும் போக விடமாட்டேங்கிறீங்க" என்றார். பேசாமல் ஓடியிருக்க வேண்டும். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். "நானாய்யா உன் நிலத்தை எடுத்தேன்?" என்று திரும்பி நின்று பேச ஆரம்பித்தேன். அவர் சட்டென்று குரலைத் தணித்துச் சொன்னார்: "அங்க பாருங்க, உங்க வண்டி போவுது."

நான் ஏறிவிட்டதாக நினைத்து கார்டு சிக்னல் கொடுத்துவிட்டார். அடுத்த கேட்டை மாரிமுத்து அண்ணன் மூடிவிட்டார். திறக்கிற சாவி என் இடுப்பில். பால்காரர்தான் என்னை ஏற்றிக்கொண்டு போனார். போய்ப் பார்த்தால், கேட்டுக்கு அந்தப் பக்கம் ரயில், இந்தப் பக்கம் லாரியும் பஸ்ஸுமாக வரிசை, வரிசையின் கடைசியில் கேட்டைத் திறக்க வேண்டிய நான். கேட்டைத் திறந்துவிட்டு, எல்லோரும் பார்க்கப் பார்க்க ஓடி ஏறினேன். கூனிக் குறுகிப் போனேன். பெட்டியில் ஐஸ் முழுக்கக் கரைந்திருந்தது. ராணி அக்கா ஒரு வார்த்தை திட்டவில்லை. பையில் ஒரு கை மீனை அள்ளிப் போட்டு என்னிடம் நீட்டினார். "வீட்டுக்குக் கொண்டு போயி கொழம்பு வைங்க தம்பி. இது இனிமே விக்காது."

லோடு ஆட்டோ

அந்தக் குழம்பு எனக்கு இறங்கவில்லை. அதற்கப்புறம் அக்கா ரயிலுக்கு வரவில்லை. உடம்பு சரியில்லை போலிருக்கிறது என்று நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். போன வாரம் ஒரு கேட்டைத் தூக்கினால் முதல் வண்டி ஒரு லோடு ஆட்டோ. பின்னால் நாலைந்து மீன் கூடை, கம்பியைப் பிடித்தபடி ராணி அக்கா. வரும்படியில் பாதி ஆட்டோவுக்கே போய்விடுமே அக்கா என்று கேட்க வாய் வரவில்லை. அவரேதான் பேசினார்: "வருசக்கணக்கா இந்த ரயிலு வரட்டும்னு காத்துக்கிட்டு இருந்தேன் தம்பி. இப்ப அது போவட்டும்னு காத்துக்கிட்டு நிக்கிறேன்."

சம்பளம் ஒழுங்காக வருகிறது, பாதையும் நன்றாகத்தான் இருக்கிறது, கேட்டைத் தூக்கும்போது தலையைத் தூக்கத்தான் முடியவில்லை.