ஏறுவதற்கு மட்டும் ஒரு வேண்டுதல்

ஸ்காட்லாந்தின் அபர்டீனில் கேள்வி கேட்கப் போனால் முதலில் நம் கேள்வியைத்தான் பழுது பார்க்கிறார்கள். நான் நர்ஸாக இருக்கும் ஆஸ்பத்திரியின் நூலகத்தில், "முட்டி வலிக்காரர் மலை ஏறலாமா?" என்றேன். நோயாளி யார், என்ன செய்யப்போகிறார், அதை எதோடு ஒப்பிடுவது, என்ன பலன் என்று அடுக்கினார் நூலகர் ஃபியோனா. நோயாளி என் நைனா, அதாவது அப்பா. செய்யப்போவது, ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணிப் படியில் காவடி. ஒப்பிட, மலைக்குப் போகும் பஸ். பலன், முருகன் அருள் என்றேன். "அதை எப்படி அளப்பீர்கள்?" என்று நிஜமாகவே கேட்டார்.

அந்தக் காவடியே என் பொருட்டுத்தான். எனக்கு இந்த வேலை கிடைத்தால் எடுப்பதாக நைனா வேண்டிக்கொண்டார். கிடைத்தது, அதற்குள் விசைத்தறி முன் நின்றே தேய்ந்த முட்டி மக்கர் செய்யத் தொடங்கிவிட்டது. பஸ்ஸில் போகச் சொன்னால், "வேண்டிகினது நானா, பஸ்ஸா?" என்பார். பாதிப் படியில் முட்டி மடங்கிவிட்டால் என்ன செய்வது என்று எனக்கு உள்ளூர நடுக்கம். மகள் சொன்னால் கேட்கமாட்டார், ஆராய்ச்சி சொன்னால் கேட்பார்.

மருத்துவக் கட்டுரைகளைத் தேட ஃபியோனா இரண்டு இணையதளங்களைக் காட்டினார். பப்மெட் நம் தர்ம தரிசன வரிசை: காசில்லை, யாரும் நுழையலாம், கூட்டத்துக்குக் குறைவில்லை. எம்பேஸ் சிறப்பு தரிசனம். ஆஸ்பத்திரி பணம் கட்டியிருந்தது. மருந்து சமாசாரம் அங்கே கொட்டிக் கிடந்தது. ஆனால் நிறையக் கட்டுரைகள் இரண்டிலும் ஒன்றே. எந்த வரிசையில் போனாலும் சாமி ஒன்றுதானே. காவடியையும் முட்டியையும் சேர்த்துத் தட்டினேன், இரண்டும் கையை விரித்தன. சுமை, வெறுங்கால், படி என்று பிரித்துத் தேடினேன். எனக்கு வேண்டியதோ 'ஏறாதே' என்று ஒரு கட்டுரை. அது வராததால் இங்கிருந்து அங்கும் அங்கிருந்து இங்கும் தாவினேன். ஒரு கோயிலில் பூக்கட்டிப் பார்த்து நினைத்த நிறம் வராவிட்டால், ஆர்.கே.பேட்டைக்குப் பஸ் ஏறி இன்னொரு கோயிலில் பார்க்கிற குடும்பம் எங்களுடையது. "விடை கிடைக்கும்வரை தேடுகிறீர்களா, பிடித்த விடை கிடைக்கும்வரையா?" என்றார் ஃபியோனா. தாவுவதை விட்டுவிட்டு, வந்ததைப் படிக்க உட்கார்ந்தேன்.

கடைசியில் இரண்டிலும் ஒத்துவந்த சேதி, படி இறங்குவதுதான் முட்டிக்கு அதிகப் பாரம் என்பது. நைனாவுக்குப் போன் போட்டேன்.

"டாக்டர கேட்டுகினு மெதுவா ஏறலாம் நைனா. எறங்கறதுதான் முட்டிக்கு ஆவாது. பஸ்ஸுல எறங்கணும்."

"அவ்ளோதானேம்மா? ஏறறதுக்குத்தான் வேண்டிகினேன். எறங்கறதுக்கு எவனாவது வேண்டிப்பானா?" என்று சிரித்தார்.

ஆடிக் கிருத்திகையன்று அக்கா வீட்டுக்காரரான பாவா வீடியோவில் காட்டினார். காவடியைச் செலுத்திவிட்டு, நைனா பஸ் ஜன்னலோரம் ஜம்மென்று உட்கார்ந்து இறங்கிக்கொண்டிருந்தார். நானும் சிரித்தேன். பிறகுதான் உறைத்தது. நான் வெளிநாடு போகவேண்டும் என்று அவர் வேண்டிக்கொண்டார். திரும்பி வரவேண்டும் என்று வீட்டில் ஒருவரும் வேண்டிக்கொள்ளவில்லை, நான் உட்பட. பஸ் அடிவாரத்தில் நின்றது. நைனா கீழே இறங்கிவிட்டார். நான் கையில் போனோடு இன்னும் மேலேயே நிற்கிறேன்.