சுளகில் புடைத்த மண்

ஒரே ஒரு ஊரிலே ஒரே ஒரு கண்மாய். கண்மாய்க்கும் மலைக்கும் நடுவிலே ஒரு துண்டு நிலம். அந்த நிலத்துக்கு ராஜா, தேனி பஜாரில் மளிகைக்கடை வைத்திருக்கும் தங்கராசு அண்ணாச்சி. எனக்கு வேலை, பரிசோதனைக்கு மண் எடுப்பது. இந்தத் தொழிலில் போன இடத்திலெல்லாம் முதலில் கிடைக்கும் மரியாதை, “மண்ணள்ள ஒரு ஆளா?” என்பதுதான். மெதுவாகப் பேசுகிற குற்றத்துக்காக ஏதாவது ஒரு கவுன்ட்டரில் கடைசி ஆளாக நின்றவரா நீங்கள்? அப்படியானால் நாம் ஒரே சாதி.

கல் பொறுக்கிய சரக்கு

முழங்கால் வலியால் அண்ணாச்சிக்கு நாள் முழுக்கக் கடையில் நிற்க முடியவில்லை. கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு, பெரியகுளம் பக்கம் வாங்கிய அந்த நிலத்தில் மாந்தோப்பு போட்டு, இனி அதிலேதான் பிழைப்பு என்று முடிவு செய்திருந்தார். மண்ணைப் பையில் கட்டி அவரே எங்கள் ஆய்வகத்துக்குக் கொண்டுவந்தார்.

பிரித்துப் பார்த்தேன். ரவை மாதிரி இருந்தது. அந்த மலையடிவாரத்தில் ஒரு பிடி அள்ளினால் பாதி சரளைக் கல்லாக இருக்கும். இதில் ஒன்றுகூட இல்லை. விசாரித்தால், கடையில் பருப்பு புடைக்கும் பெண்களிடம் கொடுத்து, சுளகில் புடைத்து, மிச்சக் கல்லையும் கையால் பொறுக்கச் சொல்லியிருக்கிறார். நாங்களும் சலிப்போம், ஆனால் எவ்வளவு கல் என்று பார்த்துவிட்டுத்தான் சலிப்போம், அந்தக் கல்லும் உங்கள் நிலம்தானே அண்ணாச்சி என்றேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

“கல்லோட சரக்கு குடுத்தா நாளைக்கு எங் கடைக்கு யாரு தம்பி வருவாக?”

கிணறு வேண்டாத நிலம்

சரி, நானே வந்து பார்க்கிறேன் என்று கிளம்பினேன். வைகாசி மாதம், ஒரு மழையும் இல்லை. நிலத்தில் மருத மரமும் புங்க மரமும் நின்றன. மேலே மக்கிய இலை, கறுப்பாக, மெத்தென்று. அதற்குக் கீழே சரளை. அண்ணாச்சியோடு அவர் மச்சினர் செல்வமும் வந்திருந்தார், ஜேசிபி ஓட்டுகிறவர். சரளை இருக்கிற இடத்தில் தண்ணீர் நிற்கவே நிற்காது என்று வழி நெடுக எனக்குப் பாடம் எடுத்துக்கொண்டு வந்தார்.

முழங்கால் ஆழம் தோண்டினேன். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் சாம்பல் நிறக் களிமண், அதில் துருப்பிடித்த மாதிரிச் சிவப்புப் புள்ளிகள். அழுகல் வாடை வேறு. வருஷத்தில் பாதி நாள் தண்ணீரில் ஊறிக் கிடக்கிற மண்ணுக்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். பிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக் குடித்து முடிப்பதற்குள் குழியில் தண்ணீர் ஊறி வந்துவிட்டது. சரளைக்கு அடியில் களி சட்டி மாதிரித் தாங்கி நிற்கிறது, கண்மாய்த் தண்ணீர் பக்கவாட்டில் கசிந்து அதில் சேர்கிறது, கல் இருந்தாலும் வடிய வழியில்லை என்று விளக்கினேன். விழுந்து கிடந்த ஒரு மருத மரத்தையும் காட்டினேன். அதன் வேர் ஆழம் போகாமல் தாம்பாளம்போல் தட்டையாகப் படர்ந்திருந்தது. மாங்கன்று வைப்பதானால் மண்ணைக் குவித்து மேடு கட்டி, சுற்றி வடிகால் வெட்டி வையுங்கள் என்றேன். தொண்டை வறள அவ்வளவையும் சொல்லி முடித்த பிறகு, செல்வம் குழியை எட்டிப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு.

“மாமா, கெணறு வெட்டுற வேலையே இல்ல, அங்கன பாருங்க, தன்னால வருது.”

பைக்குள் வந்த மண்

ஆய்வகத்துக்குத் திரும்பினால், புடைத்த மண்ணுக்கு ரிப்போர்ட் தயார். நல்ல மண், சத்து உண்டு, மாமரத்துக்கு ஏற்றது. நான் குழி தோண்டிக்கொண்டிருந்த நேரத்தில் செல்வத்தின் ஆள் வந்து வாங்கிக்கொண்டு போய்விட்டானாம். நிலத்தைப் பார்க்காமல் எப்படிக் கொடுத்தீர்கள் என்று ஆய்வக அக்காவிடம் கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன், என் கோபம் அடுத்த மேஜைக்குக்கூடக் கேட்காது என்பது வேறு விஷயம். அக்கா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

“பைக்குள்ள வந்த மண்ணுக்குத்தான் நான் பதில் சொல்ல முடியும், வராத கல்லுக்கு நீதான் சொல்லணும்.”

சொன்னேன். போனில் இரண்டு தடவை அண்ணாச்சியிடமே சொன்னேன். கடை இரைச்சலில் அவர், “சரி தம்பி, சரி தம்பி” என்றார். ஆவணியில் ஒட்டுக்கன்றுகள் வந்து இறங்கின. மேடும் இல்லை, வடிகாலும் இல்லை. செல்வத்தின் ஜேசிபி வரிசையாகப் பள்ளம்தான் பறித்தது.

குழிமேட்டுக் கன்று

ஐப்பசி மழை ஓய்ந்ததும் அழைப்பு வந்தது. போனால் உறவுக்கூட்டமே நிற்கிறது. கன்றுகள் எல்லாம் மஞ்சளடித்து, நுனி கருகி, பள்ளத்துத் தண்ணீரில் கால் நனைத்துக்கொண்டிருந்தன. ஒன்றைப் பிடுங்கினேன். வேர் கறுத்து, அதே அழுகல் வாடை. ரிப்போர்ட்டை நம்பி மோசம் போனோம் என்று ஆளாளுக்கு என்மேல் பாய்ந்தார்கள். அண்ணாச்சி மட்டும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, வரிசை வரிசையாக நடந்து பார்த்தார்.

ஓரிடத்தில் நின்றார். வைகாசியில் நான் தோண்டிய மண் குவியலாகக் கிடந்தது. நட இடமில்லாமல் மிஞ்சிய ஒரு கன்றை யாரோ அதன் உச்சியில் செருகிவிட்டுப் போயிருந்தார்கள். அது பச்சைப் பசேலென்று, புதுக்கொழுந்து விட்டு நின்றது. இதைத்தானே சொன்னேன் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் செல்வம் முந்திக்கொண்டார்.

“அது ஒட்டு நல்ல ஒட்டு, மாமா.”

கூட்டம் அதை ஒப்புக்கொண்டு, கார் ஏறக் கலைந்தது. அண்ணாச்சி போகவில்லை. மற்றதையும் பிடுங்கி மேட்டில் வைத்தால் பிழைக்குமா என்று கேட்டார். வேர் முழுதும் அழுகாதது பிழைக்கும், வடிகாலை இன்றைக்கே வெட்ட வேண்டும் என்றேன். தலையாட்டினார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

“இத அன்னைக்கே கொஞ்சம் சத்தமாச் சொல்லிருக்கக் கூடாதா தம்பி?”

சொல்லிவிட்டு, மண்வெட்டி கேட்க அவர் பக்கத்துத் தோட்டத்துக்கு நடக்க, மண் பரிசோதனைக்காரன் முதலில் வாங்கவேண்டிய கருவி கல்யாண வீட்டு மைக்செட்தான் என்று முணுமுணுத்தபடி, அதுவும் யாருக்கும் கேட்காமல், நானும் கரையேறி நடந்தேன்.