பிளாஸ்திரி ஒட்டிய கேசட்

இத்தாலிய மொழியில் ஒரு வார்த்தைகூடத் தெரியாமல் இத்தாலியப் பேய்ப் படங்களுக்கு விளக்கவுரை சொல்லித் திரிந்தவன் நான். எங்கள் தீவுக் கிராமமான வுனிமோனோவில் அதைக் கேட்கவும் ஆள் இருந்தது.

ராணுவம் ஆட்சியைப் பிடித்த வருஷம், பக்கத்து வீட்டு முத்துவேல் குடும்பத்தோடு சிட்னிக்குக் கிளம்பினான். போகுமுன் ஒரு வீடியோ கேசட்டைக் கொண்டுவந்தான். இறந்துபோன அவன் அப்பா மாரியம்மன் கோயிலில் தீ மிதித்தது அதில் இருந்தது. அவர் நடமாடும் படம் அது ஒன்றுதான்.

"அண்ணே, ஒங்ககிட்டதான் ரெண்டு வீடியோ டெக் இருக்கு. சவுசவு ஊர்ல இருக்கிற தங்கச்சிக்கு ஒரு காப்பி எடுத்துக் குடுங்க."

அந்த வாரமே ஒரு பேய்ப் படம் இரவலாகக் கிடைத்தது; அதைப் பதிவு செய்துகொள்ள என் பழைய கேசட் ஒன்றைத் தேடினேன். கேசட்டில் பெயர் எழுதும் வழக்கம் எனக்கில்லை. தொட்டாலே தெரியும் என்று பீற்றிக்கொள்வேன். அப்படித் தொட்டு எடுத்த ஒன்றில், யாரும் அழிக்கக் கூடாதென்று முதுகில் இருக்கும் பிளாஸ்டிக் துண்டு ஒடிக்கப்பட்டிருந்தது. ஓட்டை மேல் பிளாஸ்திரி ஒட்டிப் பேய்ப் படத்தைப் பதிவு செய்தேன்.

பிறகு காப்பி எடுக்க உட்கார்ந்தால், தீக்குழி இருக்க வேண்டிய இடத்தில் பச்சை ரத்தம் வழிந்தது. கடைசியில் மட்டும் மஞ்சள் வேட்டி கட்டிய ஒரு முதுகு, பத்து விநாடி.

அப்போதே சொல்லியிருக்கலாம். நான் பிளாஸ்திரியை உரித்தேன். "காப்பி சரியா வரலப்பா" என்று கேசட்டைத் திருப்பிக் கொடுத்தேன். பெட்டிகளையெல்லாம் பஸ் மேலே ஏற்றிய முத்துவேல், அதை மட்டும் மடியில் வைத்துக்கொண்டான்.

இரண்டு மாதம் கழித்து சிட்னிக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவன் போனை மனைவியிடம் கொடுத்துவிட்டான்.

"நாங்க முழுசாப் பாத்தோம்" என்றாள் அவள். "அழிச்சதுதான் அழிச்சீங்க, ஒரு நல்ல படமாப் பாத்து அழிச்சிருக்கக் கூடாதாண்ணே?"