குளிக்காமல் போன காலை

நடிக்கிறேன் என்றார்கள். எட்டு வயதுப் பெண்ணுக்குத் தினமும் விடியற்காலையில் நடிக்க என்ன தலையெழுத்து? இன்றைக்கு நினைத்தாலும் பற்றிக்கொண்டுதான் வருகிறது.

உலக யுத்தம் முடியாத காலம். பாயில் கண் விழித்தால் என் இரண்டு முழங்காலும் மடங்கினபடியே நிற்கும். நீட்டினால் உயிர் போகும். அம்மா வெந்நீர் ஊற்றிக் குளிப்பாட்டி, மெல்லப் பிடித்து நடக்க வைப்பாள். வெயில் ஏறிவிட்டால் போதும், கோயில் மலையடியில் இருக்கிற சரவணப்பொய்கைக் குளம் வரைக்கும் ஓடிவிட்டு வருவேன். நைனா என்று நான் கூப்பிடுகிற அப்பா இருட்டோடு கழனிக்குப் போய் வெயிலேறித் திரும்புகிறவர். அவர் கண்ணில் பட்டதெல்லாம் ஓடுகிற பெண்தான்.

ஆனால் முழங்கால் வீக்கம் மட்டும் வற்றவில்லை. மலைப்படியில் விழுந்துவிட்டு மறைக்கிறாள் என்று நைனா முடிவு கட்டிவிட்டார். தெலுங்கு பேசுகிற ஊர்ப்பக்கம் எலும்பு கட்டுகிறவர் ஒருவர் இருந்தார். மூங்கில் பத்தை வைத்து ஒரு மாசம் கட்டினால் சரியாகும் என்று நைனா ஒரே பிடியாக நின்றார். வெள்ளிக்கிழமைக்கு வண்டியும் பேசியாயிற்று.

அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு ராத்திரி அசையாமல் கிடந்ததற்கே இப்படி ஆகிற கால், ஒரு மாசம் முழுக்கக் கட்டிப்போட்டால் மறுபடி வேலை செய்யுமா? கெஞ்சிக் கூத்தாடி, கடைத்தெருவுக்குப் புதிதாக வந்திருந்த டாக்டரிடம் முதலில் காட்ட நைனாவைச் சம்மதிக்க வைத்தாள்.

டாக்டரைப் பார்க்கப் போவதென்றால் சும்மாவா? எங்கள் வீட்டில் அது கோயிலுக்குப் போகிற மாதிரி. தலைக்கு வெந்நீர் ஊற்றி, சாம்பிராணி காட்டி, பட்டுப்பாவாடை கட்டி, நல்ல நேரம் பார்த்து உச்சிவெயிலில் அழைத்துப் போனாள். நான் ஜம்மென்று நடந்துபோய் அவர் முன்னால் நின்றேன். நீட்டச் சொன்னார், நீட்டினேன். மடக்கச் சொன்னார், மடக்கினேன். அடிபட்ட வீக்கமாக இருக்கும் என்று சொல்லிவிட்டார். அம்மா காலை நேரத்துக் கதையைச் சொல்லச் சொல்ல, அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். கூட வந்திருந்த நைனா, அப்படியென்றால் வெள்ளிக்கிழமை கட்டுப் போட்டுவிட வேண்டியதுதான் என்றார்.

வெள்ளிக்கிழமை. வண்டி வாசலில் வந்து நின்றது. நான் பாயில் கால் மடங்கிக் கிடந்தேன். அம்மா வழக்கம்போல வெந்நீர் அடுப்பைப் பற்றவைத்தாள். மடங்கிக் கிடந்த என் காலைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு எரிகிற விறகை வெளியே இழுத்துத் தண்ணீர் தெளித்து அணைத்துவிட்டாள்.

“இன்னிக்கு இவளுக்கு வெந்நி கிடையாது. இப்படியே தூக்குங்க. டாக்டர் வூட்டுக்குப் போயிட்டு அப்புறம் எங்க வேணா போலாம்.”

குளிக்காமல், தலை வாராமல், கடைத்தெரு வழியாகவா என்று நைனா தயங்கினார். நாலு பேர் என்ன சொல்வார்கள் என்றார்.

“சொல்லிகினு போவட்டும்.”

நைனா குனிந்து என்னைத் தூக்கினார். கால் தொங்கவில்லை. அவர் கை சட்டென்று நின்றது. ஒரு காலை லேசாக நீட்டிப் பார்த்தார், நான் வீறிட்டேன். அதற்குப் பிறகு அவர் நாலு பேரைப் பற்றிப் பேசவில்லை.

வண்டி ஆட ஆட, மடங்கியே கிடக்கிற வலி பொறுக்காமல் நானே கொஞ்சம் கொஞ்சமாக நீட்டிக்கொள்ளப் பார்த்தேன். அம்மா என் காலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, டாக்டர் பார்க்கிற வரைக்கும் அசையாதே என்றாள். அவளும் அழுதுகொண்டுதான் இருந்தாள். ஆனால் அந்த நேரத்தில் அவளை நான் அடியோடு வெறுத்தேன்.

டாக்டர் காப்பி டம்ளரோடு வெளியே வந்தார். என்னைப் பார்த்ததும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். முழங்காலைத் தொட்டுச் சூடு பார்த்தார். எப்போது இளகும் என்று அம்மாவைக் கேட்டார். வெந்நீர் ஊற்றினால் என்றாள் அம்மா. இந்த முறை அவர் கடைசிவரை கேட்டார்.

“இது அடி இல்லம்மா. மூட்டு வாதம். குழந்தைங்களுக்கும் வரும். கட்டிப்போட்டா கால் அப்படியே நின்னுடும். தினமும் வெந்நீர் ஊத்தி, நீட்டி மடக்கணும். அன்னிக்கே இப்படிக் கொண்டாந்திருக்கக் கூடாதா?”

“உங்களுக்காகத்தானுங்க அன்னிக்குக் குளிப்பாட்டினேன்” என்றாள் அம்மா.

டாக்டர் தலையைக் குனிந்துகொண்டு மாத்திரை எடுக்க உள்ளே போனார். நைனா வண்டிக்காரரிடம் வீட்டுக்குத் திருப்பச் சொன்னார்.

வியாதி ஒன்றும் அன்றோடு போய்விடவில்லை. பல வருஷம் படுத்தியது. ஆனால் மறுநாள் விடியற்காலையில் புகை கண்ணைக் கரிக்க விழித்தேன். வெந்நீர் அடுப்பின் முன்னால் உட்கார்ந்து ஊதிக்கொண்டிருந்தவர் நைனா. கழனிக்குப் போகவில்லையா என்று அம்மா கேட்டாள்.

“கழனி எங்கியும் ஓடிடாது” என்றார்.