ஈசானிய மூலையில் ஒரு பேஸ் ட்ராப்

1. ரூமும் படித்தது

"மேடம், நீங்க நல்லாத்தான் படிக்கிறீங்க. ஆனா உங்க ரூமும் கூடவே படிக்குது. அத மட்டும் கொஞ்சம் வாய மூடச் சொல்லுங்க."

சென்னையில் ஒலிப்புத்தகம் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றின் சவுண்ட் இன்ஜினியர் போனில் சொன்னது இது. நான் அனுப்பிய சாம்பிள் இரண்டாவது முறையாகத் திரும்பியிருந்தது.

"கிணத்துக்குள்ள உக்காந்து பேசற மாதிரி இருக்கு. இன்னொரு வாட்டி அனுப்புங்க. அதுவும் இப்படியே வந்துச்சுன்னா வேற வாய்ஸ் பாத்துக்குறோம். தப்பா நினைக்காதீங்க மேடம்."

தப்பாக நினைக்க எனக்கு ஏது நேரம்? பயப்படுவதற்கே நேரம் போதவில்லை. மகள் பிறப்பதற்கு முன் கல்வராயன் மலைமேல் ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருந்தேன். இந்த வேலை கிடைத்தால் கள்ளக்குறிச்சி வீட்டிலேயே, அவள் பக்கத்திலேயே இருக்கலாம். கிடைக்காவிட்டால் மகப்பேறு விடுப்பு முடிந்ததும் முதல் பஸ்ஸில் மலை ஏறி, அவள் தூங்கியபின் இறங்க வேண்டும். அப்போதுதான் அவள் 'அம்மா' என்று சொல்லத் தொடங்கியிருந்தாள். மின்விசிறியையும் அப்படித்தான் அழைத்தாள். நான் மலைக்குப் போய்விட்டால் அந்தப் பெயர் மின்விசிறிக்கே நிலைத்துவிடும் என்று தோன்றியது.

குறை என் அறையில்தான். நீளம், அகலம், உயரம் எல்லாம் ஏறக்குறைய ஒன்று. வாஸ்து பார்த்து இந்த வீட்டைக் கட்டியவர் என் மாமனார். "சதுரம்னா அதுக்கு ஒரு லட்சணம் உண்டும்மா" என்பார். சவுண்ட் இன்ஜினியரிடம் அளவைச் சொன்னேன். துக்கம் கேட்பவர் போல, "சதுரமா மேடம்?" என்றார்.

2. முட்டை இல்லாத அட்டை

அறைக்குள் எதிரொலி என்றால் முட்டை அட்டை ஒட்ட வேண்டும் என்பது நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஞ்ஞானம். பக்கத்து வீட்டில் சொன்னார்கள், என் கணவரின் நண்பர்கள் சொன்னார்கள், கேஸ் சிலிண்டர் போட வந்தவரும் சொன்னார். இத்தனை பேர் சொல்லும்போது நான் மட்டும் சந்தேகப்படலாமா என்று சுவர் முழுக்க ஒட்டினேன்.

அட்டையில் கோழி வாசனை போகவில்லை. கரப்பான்பூச்சிகள் குடும்பத்தோடு குடியேறின. பக்கத்து வீட்டு அக்கா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "முட்டை எப்போம்மா வரும்? நமக்குக் கம்மி வெலைக்குக் குடு" என்றார். ஒலியில் 'ஸ்', 'ச்' மட்டும் மங்கிப்போனது, அடித்தொனி அப்படியே முழங்கியது. முன்பு கிணறாக இருந்த இடம் மூடி போட்ட கிணறாக ஆயிற்று.

இந்தமுறை சவுண்ட் இன்ஜினியரிடமே வெட்கத்தை விட்டுக் கேட்டேன். "மேடம், லோ ஃப்ரீக்வென்சி எல்லாம் மூலையிலதான் போய்ச் சேரும். நாலு மூலைக்கும் பேஸ் ட்ராப் போடுங்க. தரையிலேர்ந்து சீலிங் வரைக்கும்" என்றார். பேஸ் ட்ராப் என்பது பெரிய சங்கதி இல்லை. மூலையின் குறுக்கே ஆள் உயரத்துக்கும் மேலே ஒரு மரச்சட்டம், அதற்குள் தடிமனாக ராக்வுல் என்ற, கல்லை உருக்கி இழைத்த பஞ்சு, மேலே துணி. மூலைக்கு வரும் அடித்தொனி அதற்குள் புகுந்து சோர்ந்துவிடும்.

3. மூலைக்கு மெத்தை

ராக்வுல் தேடி, பஸ் ஸ்டாண்ட் அருகே மெத்தைக் கடை வைத்திருக்கும் பாயிடம் போனேன். என் கல்யாண மெத்தையே அவர் கடையில் எடுத்ததுதான்.

"அது சர்க்கர ஆலையில பாய்லருக்குச் சுத்தறதாச்சே தங்கச்சி. வூட்ல பாய்லரு இன்னாத்துக்கு?"

"பாய்லர் இல்ல பாய். மூலையில நிக்க வைக்கிறதுக்கு."

"மூலைலயா? நின்னுகினே படுக்கறது யாரு?"

"சத்தம் வந்து படுக்கும் பாய்."

அவர் என்னை ஒருமுறை பார்த்தார், இடுப்பிலிருந்த குழந்தையை ஒருமுறை பார்த்தார். "புள்ள ராத்திரில தூங்கவுடுதா இல்லியா?" என்று கவலையோடு கேட்டார். ஆனாலும் பாய்லர் கான்ட்ராக்டர் ஒருவரிடம் சொல்லி வாங்கித் தந்தார்.

அந்த இழை உடம்பில் பட்டால் அரிக்கும். குழந்தை கைபட்டால் என்ன ஆகும் என்று பயந்து, முதலில் மெல்லிய பிளாஸ்டிக் தாளில் சுற்றினேன். சரியாகச் சுற்றினேனா என்று பிரித்துப் பார்த்தேன், பார்த்ததால் மறுபடி சுற்றினேன். அதன்மேல் இரண்டு அடுக்கு காடாத்துணி. கணவர் ரீப்பர் கட்டைகளை அறுத்து, விடுமுறை நாளில் சட்டம் அடித்துக் கொடுத்தார். நான்கும் தயார். அப்போதுதான் மாமனார் அறைக்குள் வந்தார்.

4. நான்கு அதிபதிகள்

என் அறையின் மூலைகள் எனக்குச் சொந்தமில்லை என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

தென்மேற்கைப் பார்த்து, "கன்னி மூலையா? பாரம் இருக்கணும். இன்னும் ஒன்னு ஜாஸ்தியா வையி" என்றார். வடமேற்கு வாயு மூலை. "உள்ள பஞ்சும் காத்தும்தான? வெச்சிக்கோ." தென்கிழக்கில் நின்றுவிட்டார். "அக்னி மூலைல பஞ்சா? வூட்டக் கொளுத்தப் பாக்கிறியா?" மிச்சமிருந்த ராக்வுல் துண்டை வாசலுக்குக் கொண்டுபோய்த் தீக்குச்சி காட்டினேன். பற்றவில்லை. அவரே இன்னும் சில குச்சிகளைக் கிழித்துப் பார்த்து, தோல்வியோடு அனுமதி தந்தார்.

வடகிழக்குதான் மலைபோல் நின்றது. "ஈசானியம்மா அது. அங்க ஒரு தொடப்பம்கூட சாத்தக்கூடாது. குடும்பத்துக்கு ஆவாது."

"ஒரு மூலை விட்டுப்போனா சத்தம் அங்க போய் நின்னுக்கும் மாமா."

"நிக்கட்டுமே. ஈசானியத்துல நாதம் நிக்கறது நல்லதுதான்."

அவர் சொன்னபடி மூன்றை மட்டும் வைத்துப் பதிவு செய்தேன். முழக்கம் பாதி குறைந்தது. மிச்சப் பாதி என் வேலையைப் பறிக்கப் போதுமானதாக இருந்தது. நான்காவதையும் வைத்துவிட்டு நாளை குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால்? வைக்காமல் வேலை போனால்? குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு இரண்டுக்கும் அழுதேன்.

மாமனாருக்கு மனசு கேட்கவில்லை. தியாகதுருகத்தில் இருக்கும் வாஸ்துக்காரருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் விட்டார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் தீர்ப்பளித்தார். "நெலையா இருந்தாத்தாங்க தோஷம். வந்துட்டுப் போறதுக்கு தோஷம் இல்ல. இப்ப நீங்க ஈசானியத்துல நிக்கிறதில்லீங்களா?"

அப்படி வந்துபோக ட்ராப்பின் அடியில் பூட்ட, மெத்தைக் கடை பாய் சக்கரங்கள் வாங்கித் தந்தார். "இப்ப சத்தம் நடக்கவும் ஆரம்பிச்சிடுச்சா?" என்று மட்டும் கேட்டார். நான்காவது ட்ராப் காலையில் ஈசானியத்துக்கு வேலைக்குப் போகும், ரெக்கார்டிங் முடிந்ததும் கன்னி மூலைக்குத் திரும்பிவிடும். அது நகர்ந்ததா என்று மாமனார் தினமும் எட்டிப் பார்ப்பார். நான் நேரத்துக்கு வேலை செய்கிறேனா என்று ஒருநாளும் பார்த்ததில்லை.

மூன்றாவது சாம்பிள் போயிற்று. "ரூம் வாய மூடிடுச்சு மேடம்" என்று சவுண்ட் இன்ஜினியர் சொன்னார். மலைப் பள்ளிக்கு ராஜினாமாக் கடிதம் எழுதினேன். மூன்று முறை கிழித்தேன், நான்காவதை அனுப்பினேன்.

5. அந்த ஒரு வரி

முதல் புத்தகம் வந்தது. வீட்டுக்கு வாஸ்து பார்ப்பது எப்படி என்பது பொருள்.

பயத்தோடு படித்துக்கொண்டே போனேன். நடுவில் அந்த வரி வந்தது: 'ஈசானிய மூலையில் எக்காரணம் கொண்டும் பாரம் வைக்கலாகாது, வைத்தால் அவ்வீட்டின் மழலைகளுக்கு ஆகாது.' என் முதுகுக்குப் பின்னால், அதே ஈசானியத்தில், உத்தரத்தைத் தொடாத குறையாக ட்ராப் நின்றது. கதவுக்கு வெளியே குழந்தை மின்விசிறியை 'அம்மா' என்று கூப்பிடுவது கேட்டது.

எழுந்தேன். ட்ராப்பைக் கன்னி மூலைக்குத் தள்ளினேன். அந்த ஒரு வரியை மட்டும் படித்தேன். பிறகு திரும்பத் தள்ளிவந்து மீதியைப் படித்து முடித்தேன்.

மறுநாள் சவுண்ட் இன்ஜினியர் கூப்பிட்டார். "புத்தகம் பூரா சூப்பர் மேடம். ஒரே ஒரு வரி மட்டும் கிணத்துக்குள்ளேர்ந்து வருது. அந்த ஈசானிய மூலை வரி. அத மட்டும் மறுபடி எடுத்துக் குடுங்க."

வேறு வழியில்லை. ட்ராப்பை ஈசானியத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஈசானியத்தில் எதுவும் வைக்கக்கூடாது என்று உறுதியான குரலில் உலகத்துக்குச் சொன்னேன்.

புத்தகம் வெளியானதும் மாமனாரின் போனில் போட்டுக் கொடுத்தேன். காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்து கேட்டார். அந்த இடம் வந்ததும் வீடே அதிரக் கத்தினார்.

"கேட்டியாம்மா? உன் வாயாலயே சொல்லிட்ட பாரு! ஈசானியத்துல எதுவும் வெக்கக்கூடாதுன்னு! எவ்ளோ தெளிவா கேக்குது!"

"ஆமாங்க மாமா" என்றேன். குழந்தை என் சேலையைப் பிடித்து இழுத்து, "அம்மா" என்றாள். அப்போது மின்விசிறி ஓடவில்லை.

வீட்டிலேயே ரெக்கார்டிங் ரூம் அமைக்க வேண்டும் என்று கேட்கும் பெண்களுக்கு இன்றும் இதைத்தான் சொல்கிறேன்: பெரியவர்கள் சொல்வதைத் தட்டாதீர்கள், ட்ராப்புக்குச் சக்கரம் வையுங்கள். ஆனால் படிக்கும்போது பாதியில் எழுந்து அதைத் தள்ளாதீர்கள்.