நான்கு முறை பிரித்த சீட்டு

அந்த மோட்டார் சைக்கிள் சீட்டின் தோலை நான்காவது தடவையாகப் பிரித்தபோது தையல் நூலை வெடுக்கென்று இழுத்து அறுத்தேன். அவ்வளவு ஆத்திரம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில் ஓசூரில், பெங்களூர் சாலையோரம் ரிப்பேர் பட்டறை வைத்திருந்தேன். வண்டி மாட்டு டாக்டருடையது. பட்டாளத்தில் கழித்துவிட்ட பழைய வண்டி. அதில்தான் அஞ்செட்டி, நாட்றாம்பாளையம் என்று மலையோர ஊர்களுக்கெல்லாம் மாடுகளுக்கு ஊசி போடப் போய்வருவார்.

"நான் தனியாத்தானேப்பா சுத்துறேன். பின்சீட்டைக் கழட்டிடு. இடுப்பு நோகாத மாதிரி ஒத்தை சீட்டா செஞ்சு குடு" என்றார். களிமண் அப்பிச் சக்கரம் நின்றுவிடுகிறது என்று பின் மட்கார்டையும் குறைக்கச் சொன்னார். ஆசையாகத்தான் செய்தேன். மட்கார்டை ரம்பத்தால் அறுத்து, விளிம்பை மடித்துத் தட்டி, கையைக் கிழிக்காதபடி அரம் போட்டேன். சீட்டுக்கு அடியில் இரண்டு ஸ்பிரிங், மேலே குதிரை வால்மயிர், அதன்மேல் எருமைத்தோல்.

ஒரே வாரத்தில் திரும்பி வந்தார். "குத்துதுப்பா." ஸ்பிரிங்கை மாற்றினேன். மறுபடி வந்தார். சீட்டை இரண்டு விரற்கடை தாழ்த்தினேன். அப்புறம் பின்னால் தள்ளி வைத்தேன். இதற்கிடையில் முதல் மழையிலேயே சேறெல்லாம் அவர் முதுகில் அடிக்க, அதற்கும் நான்தான் பேச்சு வாங்கினேன். மற்ற வண்டிகள் வாசலில் காத்துக் கிடந்தன. இந்த ஆளுக்கு எதுதான் பிடிக்கும் என்று எரிச்சல் ஏறிக்கொண்டே போனது.

நான்காம் தடவை கத்தியே விட்டேன். "சார், சீட்டுல ஒரு குத்தமும் இல்ல. குத்தம் உங்க முதுகுலதான் இருக்குது. போயி மனுச டாக்டர்கிட்ட காட்டுங்க!"

நின்றிருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. கீழே விழுந்த சாவியை எடுக்க, குனியாமல், முழங்காலை மடித்து மெல்ல உட்கார்ந்தார். அதை அன்றுதான் கவனித்தேன். "படுத்தாலும் வலிக்குதுப்பா" என்று தணிந்த குரலில் சொல்லிவிட்டு, வண்டியை விட்டுவிட்டுப் போய்விட்டார்.

பெங்களூர் ஆஸ்பத்திரியில் முதுகெலும்புக் காசநோய் என்றார்கள். ஒன்பது மாதம் மாவுக்கட்டோடு படுக்கை. மாடு நடக்கிற நடையை வைத்தே நோவைச் சொல்லிவிடுகிறவர், தன் வலியைச் சீட்டின் தலையில் போட்டுக்கொண்டு எப்படித் திரிந்தார்? அவர்மேல் கோபம் வந்தது. சீட்டையே அளந்துகொண்டிருந்த என்மேல் அதைவிட அதிகமாக வந்தது.

இடுப்பில் தோல் பட்டையோடு திரும்பி வந்தார். இனி வண்டி ஓட்டக் கூடாதாம். வேப்பனப்பள்ளி மாந்தோப்புக்காரர் ஒருவர் வண்டியை வாங்கிக்கொண்டார். சாலை வளைவு வரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, "சீட்டு தும்ப சென்னாகிதே! ரொம்ப நல்லா, மெத்தை மாதிரி இருக்குது" என்று கன்னடம் கலந்து சொல்லி என் தோளைத் தட்டினார். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

வண்டிச் சத்தம் ஓயும்வரை டாக்டர் சாலையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "அஞ்செட்டிக்கு பஸ் எத்தனை மணிக்குப்பா?" என்று கேட்டார்.