மூலைக்குப் போன பிரியாணி

அமெரிக்காவில், பிஸ்கட்டவேயில் நாங்கள் குடியிருந்த அபார்ட்மென்டில் தமிழ்க் குடும்பங்கள் மாதம் ஒருமுறை யார் வீட்டிலாவது பாட்லக் வைப்போம். வீட்டுக்கொரு பதார்த்தம் சமைத்துக் கொண்டுபோக வேண்டும். நான் ஓட்டல் சமையல்காரன். ஐந்தாவதோடு படிப்பை விட்டவன். மற்ற ஆண்களுக்குக் கம்ப்யூட்டர் வேலை. அவர்கள் பேச உட்கார்ந்தால் நான் சாப்பாட்டு மேஜைப் பக்கம் போய்விடுவேன். என் மனைவி பி.ஏ. படித்தவள். அவள் அவர்கள் நடுவிலேயே உட்கார்ந்துகொள்வாள்.

இரண்டாயிரமாவது வருஷம், ஜூன் மாதம். கட்சிக்காரர்கள் தங்கள் ஜனாதிபதி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கிற பிரைமரியைப் பற்றிப் பேச்சு வந்தது. அந்த அறையில் ஒருவருக்கும் ஓட்டுக் கிடையாது. பாதிப் பேருக்கு க்ரீன் கார்டே வரவில்லை. ஆனாலும் சண்டை பலமாக நடந்தது.

என் மனைவி குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்த டேகேரில் ஒரு அமெரிக்கக்காரி, மாதிரிக்கு அச்சடித்த ஓட்டுச்சீட்டு ஒன்றைக் காட்டினாளாம். கட்சி ஆதரிக்கிறவர்களின் பெயரெல்லாம் ஒரே வரிசையில் முன்னால் இருக்கிறது, வெளியாள் பெயர் எங்கேயோ மூலையில் கிடக்கிறது, இது என்ன நியாயம் என்று என் மனைவி கேட்டாள். பதில் சொன்னவன் மாடி வீட்டு இன்ஜினியர், கல்யாணமாகாதவன். பந்தி வைக்கிறவன்தானே இலை போடுவான் என்றான்.

"ஆள் நல்லவனா இருந்தா, மூலையில இருந்தாலும் தேடிப் போய் ஓட்டுப் போடுவாங்க அக்கா."

அக்கா என்றுதான் கூப்பிட்டான். கூப்பிட்டால் என்ன? என்னிடம் வாடகை, பால், அரிசி தவிர வேறு பேசாதவள், அவனிடம் கையை ஆட்டி ஆட்டிப் பேசினாள். நடுநடுவே சிரித்தாள்.

மேஜையில் அவனுடைய வெஜிடபிள் பிரியாணி ட்ரே முதலாவதாக இருந்தது. அதைத் தூக்கி, மூலையில் பேப்பர் தட்டுக் கட்டுகளுக்குப் பின்னால் வைத்தேன். அந்த இடத்தில் என் எலுமிச்சை சாதத்தை வைத்தேன். ஓட்டுச்சீட்டை நினைத்துச் செய்யவில்லை. அவன் சமையலை அவள் புகழக் கூடாது, அவ்வளவுதான்.

சாப்பாடு முடிந்தது. என் சாதம் காலி. அவன் தன் ட்ரேயைத் தேடிக் கண்டுபிடித்தபோது மேல்மூடிகூடப் பிரிக்காமல் இருந்தது. என் மனைவி பார்த்துவிட்டாள்.

"என்ன தம்பி, யாரும் தேடிப் போய்ச் சாப்பிடலையா?"

அறையே சிரித்தது. அவன்தான் அதிகமாகச் சிரித்தான். "ஒத்துக்கறேன் அக்கா, உங்க பாயின்ட்தான் கரெக்ட்" என்று கையெடுத்துக் கும்பிட்டான். அவள் முகம் மலர்ந்துபோயிற்று. அந்தச் சந்தோஷத்தை அவளுக்குச் செய்துகொடுத்தது நான். அவள் பார்த்ததோ அவனை.

வீட்டுக்குத் திரும்பும்போது, "நீங்கதானே நகர்த்தி வெச்சது?" என்றாள். நான் காலிப் பாத்திரத்தைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டேன்.

"என் பக்கம் பேசணும்னா வாயைத் திறந்தே பேசியிருக்கலாமே" என்றாள். குரலில் கோபம் இல்லை. அவள் அப்படி நினைத்துக்கொண்டாள். நானும் இல்லை என்று சொல்லவில்லை.

மிஞ்சிய பிரியாணியில் பாதியை அவன் அவளுக்குக் கொடுத்துவிட்டிருந்தான். மறுநாள் என் மதியச் சாப்பாட்டு டப்பாவில் அதுதான் இருந்தது. குறை கண்டுபிடிக்கவேண்டும் என்றே மென்று மென்று சாப்பிட்டேன். உப்புக்கூடச் சரியாக இருந்தது.